மலைமேல் ஒரு நீலப் புஷ்பம்



கவலையைக் குறித்துப் பேசிய நம் ஆண்டவர், காட்டுப் புஷ்பங்களைக் கவனிக்கும்படி தம் சீஷருக்குச் சொன்னார் (மத்தேயு 6:28). வாடகை உயரும்போதும், வேலை நிலைக்குமோ என்று உள்ளம் கலங்கும்போதும் அவ்வசனத்தை ஆறுதலாகப் பற்றிக்கொள்கிறோம். ஆனால் அது கட்டளையுமாகும். மூலபாஷையாகிய கிரேக்கில் அச்சொல், ஒன்றை நன்றாக ஆராய்ந்து கற்றுக்கொள்வதைக் குறிக்கிறது. அடுக்குமாடிகளின் நடுவே வாழும் நம்மில் எத்தனை பேர் அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறோம்?

உத்தராகண்டின் இமயமலையில் 'மலர்ப் பள்ளத்தாக்கு' என்றோர் இடம் உண்டு. ஓர் ஆகஸ்டு மாதத்தில் நானும் என் மனைவியும் தில்லியிலிருந்து அங்கே செல்லக் கர்த்தர் கிருபை செய்தார். புல்னா கிராமத்திலிருந்து காங்கரியாவுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் ஏற்றம்; மறுநாள் பள்ளத்தாக்கிற்கு நடை. 1931-இல் காமெட் சிகரத்தில் ஏறித் திரும்பிய பிராங்க் ஸ்மைத் என்னும் ஆங்கிலேயர் எழுதிய நூலால் இவ்விடம் உலகப் புகழ் பெற்றது. 1982-இல் தேசியப் பூங்காவாகவும், 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே ஒரு பூவையும் பறிக்கலாகாது, படம் எடுத்துவரலாம்.

என்னிடம் இருந்தது சட்டைப்பையில் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமரா. பூ அடையாளமிட்ட அமைப்பை வைத்தால் அது மிக அருகிலுள்ளதையும் தெளிவாகப் படம்பிடிக்கும். ஆனால் தூரத்தில் நின்று ஜூம் செய்தால் பயனில்லை. சில சென்டிமீட்டர் தூரம்வரை நாமே பூவை நெருங்கவேண்டும். அதற்கு முழங்காற்படியிட வேண்டும். காற்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும். பிளாஷ் வேண்டியதில்லை, மேகம் மூடிய வெளிச்சமே மெல்லிய இதழ்களுக்கு ஏற்றது. முழங்காலும் அமைதியும் காத்திருத்தலும் ஜெபத்திற்கும் வேண்டியவை அல்லவா?

அப்படித்தான் பாறை இடுக்கில் ஒரு நீலப் பாப்பியைக் கண்டேன். தண்டிலும் இலையிலும் கூரிய முட்கள். இதழ்களோ பட்டு வஸ்திரம்போல. அந்தச் செடி தன் ஆயுளில் ஒரே பருவம் பூத்து, விதை தந்து, மடிந்துபோகும். இத்தனை அலங்காரம் அந்தச் சில நாட்களுக்காகவே!

அப்பள்ளத்தாக்கில் ஒரு கல்லறையும் இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து செடிகளைச் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்னும் அம்மையார், 1939-ஆம் ஆண்டு ஜூலை மாதம் சரிவில் கால் வழுக்கி விழுந்து மரித்தார். பின்பு அவருடைய சகோதரி அங்கே வந்து நிறுவிய கல்லில், சங்கீதம் 121-இன் முதல் வசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே சங்கீதத்தின் மூன்றாம் வசனம், கர்த்தர் நம் கால் தள்ளாடவிடார் என்கிறதே! கால் வழுக்கி மரித்தவரின் கல்லறையில் இந்தச் சங்கீதமா?

பிரியமானவர்களே, அக்கேள்வி எனக்குப் புதிதல்ல. என் தம்பி வேலைக்காக மும்பைக்குப் புறப்பட்ட நாளில், எங்கள் தாயார் இந்தச் சங்கீதத்தை வாசித்தே ஜெபித்து அனுப்பினார்கள். இரண்டு வருஷத்திற்குள் சாலை விபத்தொன்றில் அவன் மரித்தான். அதன்பின் பல ஆண்டுகள் அந்தச் சங்கீதத்தை என்னால் சத்தமாய் வாசிக்கக்கூடவில்லை.

அக்கல்லின்முன் நின்றபோது, தன் உடன்பிறந்தாளை இழந்த ஒரு ஸ்திரீயே இந்த வசனத்தை அங்கே வைத்தாள் என்பதை நினைத்தேன். காட்டுப் புல் நாளை அடுப்பிற்குப் போகும் என்பதை ஆண்டவரும் மறைக்கவில்லையே. வாடாது என்று அவர் சொல்லவில்லை. அப்படிப்பட்டதையும் தேவன் உடுத்துவிக்கிறார் என்றே சொன்னார். அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனமும் நம் போக்கையும் வரத்தையும் இம்மைக்கு மாத்திரமல்ல, என்றென்றைக்கும் காப்பதாக வாக்களிக்கிறது. என் தம்பியின் போக்கு அவர் காவலுக்கு வெளியே நிகழவில்லை. அன்று மாலை காங்கரியாவில், 121-ஆம் சங்கீதத்தை என் மனைவிக்குச் சத்தமாய் வாசித்தேன்.

நீங்கள் இமயமலைக்குச் செல்லவேண்டுமென்பதில்லை. மும்பையிலிருப்போர்க்குச் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், பெங்களூரிலிருப்போர்க்கு நந்தி மலையும் அருகில் உண்டு. மழைக்காலத்தில் ஒருநாள் பிள்ளைகளோடு போங்கள். பறிக்காமல், மிதிக்காமல், ஒரு காட்டுப் பூவின் முன் முழங்காற்படியிட்டுக் கவனியுங்கள். அதை உடுத்துவித்தவர் உங்கள் குடும்பத்தையும் அறிந்திருக்கிறார். அவருடைய சமாதானம் உங்களோடிருப்பதாக. ஆமென்.