உம்மாவின் குசினியும் இரண்டடி வெட்டும்

ஓவனோட புதுக் குக்கர் வாங்கினீங்களாமே என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. குக்கர் வந்து மூன்று கிழமை ஹோலில்தான் நின்றது.

காரணம், குசினியில் வாப்பா போட்ட சிவப்புச் சீமெந்து மேசைத்தட்டு. சுவருக்குச் சுவர் ஒரே கொங்கிரீட். நடுவில் வெட்டி எடுத்தால்தான் குக்கர் உள்ளே போகும். அந்த நடுவில்தான் உம்மாவின் விறகடுப்பும் இருந்தது.

"2022ல கேஸ் இல்லாம எதுல மகள் சமைச்சோம்?" என்றார் உம்மா. பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் கொழும்பு விலையே 4,860 ரூபா. காசு இருந்தாலும் சிலிண்டர் இல்லை. அந்த வருஷ நோன்பு முழுக்க சஹருக்கும் இஃப்தாருக்கும் அந்த அடுப்புத்தான். வாப்பா போட்டது என்பதையும் உம்மா மனதில் வைத்திருப்பார், வாயால் சொல்லவில்லை.

ஒருவழியாகச் சம்மதித்தபின் ஸ்பிரிங்வெலி தோட்டத்திலிருந்து பாஸ் அண்ணன் வந்தார். நான் கணித டீச்சர் அல்லவா, அளவை முன்னமே எழுதி வைத்திருந்தேன்: இருபத்து மூன்றரை அங்குலம். அவர் குக்கரில் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது 60 சென்டிமீட்டருங்க டீச்சர், இருபத்து மூன்றரைக்குள்ள போகாது" என்றார். உண்மைதான், 23.6 வரும். மூன்று மில்லிமீட்டர் போதும், குக்கர் வெளியேதான் நின்றிருக்கும். 24 அங்குலம் வெட்டுவோம், இரண்டு பக்கமும் கொஞ்சம் மூச்சுவிட இடம் வேணும் என்றார்.

கோடு போட்ட விதம்தான் என்னை உட்கார வைத்தது. முன் விளிம்பில் 18 அங்குலம், உள்ளே 24, குறுக்கே 30 வரும்வரை பென்சிலை நகர்த்தினார். "சுவர நம்பி கோடு போட்டா கோணலாப் போயிருங்க." அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். நான் பத்து வருஷமாகக் கரும்பலகையில் பைதகரஸ் தேற்றம் எழுதுகிறேன். இப்படி ஒருநாளும் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை.

அன்றே வெட்டவும் இல்லை. வெட்டினால் இரண்டு முனையும் அந்தரத்தில் தொங்கும் என்று, கீழே செங்கல் கட்டிவிட்டுப் போனார். அடுத்த சனிக்கிழமை தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கிரைண்டரில் வெட்டினார். சத்தம் கேட்க முடியாமல் உம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். கேஸ் குழாயைச் சூடான ஓவனுக்குப் பின்னால் விடாமல் பக்கவாட்டில் எடுத்தார். சிலிண்டர் வைக்கும் கபர்ட்டின் அடியில் ஓட்டை போட்டார். கேஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும். 2021 கடைசியில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்ததை யார் மறந்தார்கள்?

பின்னேரம் உம்மா வந்தார். குக்கரைப் பார்க்கவில்லை. "வெட்டின துண்டு எங்க?" என்றுதான் கேட்டார். பாஸ் அண்ணன் சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தார். தகரக் கூரையின் கீழ் இரண்டு வரிசைக் கல் கட்டி, வாப்பாவின் சிவப்புத் துண்டை அதன்மேல் வைத்து, பழைய அடுப்புக் கற்களையும் அடுக்கி வைத்திருந்தார். கூலியில் அதற்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கு முதல் தேத்தண்ணி அந்த அடுப்பில்தான் கொதித்தது. ஓவனில் கேக் போட்டது மறுநாள். அடி கருகிவிட்டது, அது வேறு கதை.