எழுதி வாங்கிய சம்மதம்

காவல் துறையில் கடைநிலைக் காவலராகச் சேர்ந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள் நான். நான் செய்த பிழைகளில் ஒன்று எந்தக் கோப்பிலும் பிழையாகப் பதிவாகவில்லை. கோப்பின்படி அது நல்லபடியாக முடிந்த மனு. மேஜரான ஒரு பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோரோடு அனுப்பினேன். விரும்பித்தான் போகிறாள் என்று அவள் கையாலேயே எழுதியும் வாங்கினேன்.

2016ஆம் வருடம். ஓர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இருந்தேன். ஊரைச் சொன்னால் அந்தப் பெண்கள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் சொல்லவில்லை. மகளைக் காணவில்லை என்று ஒரு தகப்பனார் மனு கொடுத்தார். மனு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு விசாரித்ததில், பக்கத்து மாவட்டத்தில் ஒரு வாடகை வீட்டில் அவள் இருப்பது தெரிந்தது. கூட இருந்தவள் கல்லூரித் தோழி. இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்டேஷனுக்கு வரவழைத்தபோது அந்த மகள் சுற்றி வளைக்கவில்லை. “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாழப் போறோம் மேடம். எனக்கு யார் மேலயும் புகார் இல்லை” என்றாள். வயது 23.

அதை வாக்குமூலமாக வாங்கி மனுவை முடித்திருக்க வேண்டும். அந்த நடைமுறை எனக்குத் தலைகீழ்ப் பாடம். மாலையும் கழுத்துமாகப் பாதுகாப்பு கேட்டு ஸ்டேஷனுக்கு ஓடிவரும் காதல் ஜோடிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். பெண் மேஜரா, சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்போம். லதா சிங் வழக்கில் 2006ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வயது வந்தவர்கள் விரும்பியவரை மணக்கலாம், அவர்களுக்கு யாரும் தொல்லை தராமல் பார்த்துக்கொள்வது போலீசின் வேலை. கத்திக்கொண்டு வந்த அப்பாமார்களிடம், “பொண்ணு மேஜர்ங்க, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்று நானே கைவிரித்திருக்கிறேன்.

அன்று கைவிரிக்கவில்லை. அந்தத் தகப்பனார் மேசைக்கு முன்னால் நின்று, “அம்மா, நீங்களும் பொம்பளப் புள்ளயப் பெத்தவங்க, எப்படியாவது பிரிச்சு விட்டுருங்க” என்று அழுதார். அவர்மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. அவர் கேட்கக்கூடியதைத்தான் கேட்டார். எனக்கு மேலிருந்து எந்த அழுத்தமும் வரவில்லை. பணமும் வாங்கவில்லை. ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்பு மட்டும் ஏறிவிட்டது.

இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்தேன். தன்பாலின உறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவைச் சொல்லி மிரட்டினேன். அந்தப் பிரிவு செல்லாது என்று 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. அது எனக்கு வசதியாகப் போயிற்று. ஆனால் இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் குடியிருப்பது குற்றம் என்று அந்தப் பிரிவு அன்றும் சொல்லவில்லை. தெரிந்தேதான் சொன்னேன். “நீ கிளம்பலேன்னா உன் கூட்டாளி உள்ள போவா” என்றேன். அதுவரை தெம்பாகப் பேசியவள் அந்த இடத்தில் உடைந்தாள்.

பேப்பரைக் கொடுத்து நானே வாசகம் சொன்னேன். ‘யாருடைய தூண்டுதலும் இன்றி, என் சுய விருப்பத்தின் பேரில்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி, “இதையும் எழுதணுமா மேடம்?” என்றாள். எழுது என்றேன். எழுதினாள். அவளுடைய போனையும் பையையும் அப்பாவிடம் கொடுத்தேன். எந்தச் சட்டத்தில் கொடுத்தேன் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்தப் பையில் தோழியின் டிகிரி சான்றிதழ்களும் இருந்திருக்கின்றன. பிறகு தோழி அவற்றைக் கேட்டு வந்தபோது, “இனிமே இந்தப் பக்கம் வந்தே, கேஸ் போட்டுருவேன்” என்று விரட்டிவிட்டேன்.

சில மாதத்தில் அந்த அப்பா தாம்பாளத்தில் பத்திரிகை வைத்து அழைத்தார். கல்யாணத்துக்குப் போனேன், 501 ரூபாய் மொய் எழுதினேன். மேடையில் என்னைப் பார்த்த பெண், “சாப்பிட்டுட்டுப் போங்க மேடம்” என்றாள். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இத்தனைக்கும் என்னை நான் முற்போக்கானவள் என்றே நினைத்திருந்தேன். சித்திரை மாதம் கூவாகம் கூத்தாண்டவர் கோயில் பந்தோபஸ்துக்குப் போனால், திருநங்கைகளிடம் மரியாதையாகப் பேசு என்று சின்னக் காவலர்களை அதட்டுவேன். 2008இல் தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்ததைப் பெருமையாகச் சொல்வேன். திருநங்கையான பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம்வரை போராடி எஸ்.ஐ. ஆனபோது ஸ்டேஷனில் கேக் வாங்கிக் கொடுத்தேன். அந்த மரியாதை எதுவரை நீண்டது என்பதுதான் விஷயம். அடையாள அட்டை, உதவித்தொகை, வேலை எல்லாம் சரி. அவர்கள் ஒரு வீட்டுக்கு மருமகளாக வருவது, நம் வீட்டுப் பெண் இன்னொரு பெண்ணோடு குடித்தனம் நடத்துவது என்று பேச்சு வந்தால் என் முற்போக்கு வாசலிலேயே நின்றுவிடும். எனக்கு மட்டும் வந்த வியாதியல்ல இது. 2018இல் தூத்துக்குடிக் கோயிலில் நடந்த ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவு செய்ய அலுவலகத்தில் மறுத்தார்கள். ‘மணமகள்’ என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377 வயதுவந்தோரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று சொன்னபோது, நான் மிரட்டப் பயன்படுத்திய ஆயுதம் போயிற்று. 2021இல் வந்த சுஷ்மா வழக்குதான் என்னை உலுக்கியது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள், பெற்றோரின் எதிர்ப்பால் சென்னைக்கு வந்து, அவர்கள் கொடுத்த ‘காணவில்லை’ புகாருக்குப் பயந்து பாதுகாப்பு கேட்ட வழக்கு. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இது பற்றித் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு எழுதினார். இப்படிப்பட்ட மனு வந்து இருவரும் மேஜர் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை தராமல் முடித்துவிட வேண்டும் என்று போலீசுக்கு உத்தரவிட்டார். 2022இல் தன்பாலின உறவாளர்கள், திருநங்கைகள் போன்றோரைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதியிலேயே சேர்த்தார்கள்.

ஒரு நீதிபதிக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்று கொஞ்ச நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவருக்குத் தெரியாதது அந்த மனிதர்களின் மனசு. அதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தப் பெண்ணுக்கு நான் நியாயம் செய்திருக்க முடியும் என்றில்லை. பெண் மேஜர், அவள் இஷ்டம் என்ற ஒன்றே போதுமானதாக இருந்தது. அதை நான் மற்ற எல்லாருக்கும் கொடுத்தேன், அவளுக்குத் தரவில்லை. காலம் அப்படி என்று பழியைக் காலத்தின் மேல் போட எனக்கு வழியில்லை.

2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை அவள் விரும்பிய தோழியோடு போகலாம் என்று விடுவித்தது. கட்டாயப்படுத்திப் பெற்றோரோடு அனுப்பிய போலீசைக் கண்டித்தது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்றும் சொன்னது. தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர உச்ச நீதிமன்றம் 2023இல் மறுத்துவிட்டதால், இப்படிப்பட்ட ஜோடிகள் கையில் கணவன் மனைவி என்ற காகிதம் கிடையாது. ‘காணவில்லை’ மனு வரும் நாளில் அவர்களுக்கு இருக்கும் பாதுகாப்பு, ஸ்டேஷன் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சட்டப்படி நடப்பது ஒன்றுதான். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் குடும்பத்தில் இன்னொரு முறை நுழைய எனக்கு உரிமை இல்லை. சான்றிதழ்களை இழந்தவளைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் முகத்தில் விழிக்கத் தைரியம் வரவில்லை, அதுவும் உண்மை. என்றைக்காவது அவர்களில் ஒருவர் இதைக் கேள்வி கேட்டு எங்காவது போய் நின்றால், என்னைக் கூப்பிடட்டும். அந்தக் கடிதத்தின் கையெழுத்து அவளுடையது, வாசகம் முழுக்க என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.