ரெண்டரை கேன் காற்று

மேஸ்திரி அந்தப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரைச் சீர்த்தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். பெட்டி கிடையாது. பின்னாலிருந்து இரண்டு ஒயர் மட்டும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. "பாட்டப் போடுறா" என்றார். மருமகன் போனைத் தட்டினான். கறுப்புக் கூம்பு அரை அங்குலத்துக்கு முன்னும் பின்னும் துடிப்பது கண்ணுக்கே தெரிகிறது. காதில் விழுவதோ தகர டப்பாவைத் தட்டும் சத்தம்.

"நல்ல ஸ்பீக்கர்தான் சார். பெட்டி இல்லேன்னா இவ்ளோதான் பேசும்."

கூம்பு முன்னால் வரும்போது முன்பக்கத்துக் காற்று நெருக்கப்படுகிறது. அதே நேரத்தில் பின்பக்கத்துக் காற்று தளர்கிறது. கீச்சென்ற ஒலியாக இருந்தால் அலை குட்டை, நேராக ஓடிவிடும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ எட்டரை மீட்டர். பன்னிரண்டு அங்குல வளையமெல்லாம் அதற்கு ஒரு தடையே இல்லை. சுற்றிக்கொண்டு பின்னால் போய் அங்கிருக்கும் பள்ளத்தை நிரப்பிவிடும். இந்தப் பக்கம் கூட்டல், அந்தப் பக்கம் கழித்தல், மிச்சம் ஒன்றுமில்லை. நடுவே சுவர் எழுப்பினால்தான் பேஸ் பிறக்கும். அந்தச் சுவரைக் கட்டுவதுதான் இந்தப் பட்டறையின் பிழைப்பு.

சென்னையில் காருக்கு எதை மாட்டுவதானாலும் பலரும் முதலில் போய் நிற்கும் இடம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சீட் கவர், ஃப்ளோர் மேட், ஹாரன், வண்ண விளக்கு என்று கடைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் அங்கேயே கிடைக்கும். பேரம் பேசத் தெம்பிருந்தால் ரிச்சி தெருவுக்கும் போகலாம். ஆனால் பெட்டி செய்கிற கைகள் இந்தக் கண்ணாடிக் கடைகளில் இருப்பதில்லை. நான் இரண்டு நாள் உட்கார்ந்திருந்த பட்டறை, ராயப்பேட்டைப் பக்கத்துச் சந்து ஒன்றில், இரண்டு கார் நிற்கிற அளவு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. மேஸ்திரி தச்சு வேலைக் குடும்பம். திருவிழா மைக்செட்டுக்கு ஆளுயரப் பெட்டி அடித்துத் தொழில் பழகியவர். பிறகு ஷேர் ஆட்டோக்காரர்கள் சீட்டுக்குப் பின்னால் வைக்கப் பெட்டி கேட்டு வந்தார்கள். கார் அதற்கப்புறம்.

அன்று நின்றது 2018 மாடல் ஸ்விஃப்ட். டிக்கி 268 லிட்டர் என்று கம்பெனி சொல்கிறது. கார்க்காரத் தம்பிக்கு ஒரே ஒரு கோரிக்கை: "அடி நெஞ்சுல விழணும்ணே." மேஸ்திரியின் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. ஸ்டெப்னியை எப்படி எடுப்பே? அம்மாவ ஊருக்குக் கூட்டிட்டுப் போனா பை எங்க வைப்பே? சீட் சாய்ஞ்சிருக்கே, நேர்ப் பெட்டி வச்சா பின்னால ஒரு முக்கோணம் வீணாப் போகுமே? கடைசிக் கேள்விக்குப் பதிலையும் அவரே வைத்திருந்தார். பெட்டியின் முதுகையும் சீட்டோடு சாய்த்துவிடுவது. உள்ளளவு அகலம் 26 அங்குலம், உயரம் பதிமூன்றரை, ஆழம் கீழே பதினொன்றரை, மேலே எட்டு. பெருக்கினால் 56 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் கூடும் சுமார் மூன்று லிட்டரை அடைத்துக்கொள்ளும், உள்ளே வரப்போகிற குழாய் இன்னொரு மூன்று. மிச்சம் ஐம்பது.

"ரெண்டரை கேன்" என்றார் மேஸ்திரி.

எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்ற இருபது லிட்டர் தண்ணீர் கேனைக் காட்டினார். லிட்டர், கன அடி என்று எதில் கணக்குச் சொன்னாலும் அவர் மனத்தில் அது தண்ணீர் கேனாகத்தான் விழும். மூடிய பெட்டிக்கு ஒன்றரை கேன், குழாய் வைத்த பெட்டிக்கு ரெண்டரை. இது பன்னிரண்டு அங்குலத்துக்கு அவருடைய கைக்கணக்கு. மருமகனோ ஸ்பீக்கரோடு வந்த தாளிலிருந்து எஃப்.எஸ், க்யூ.டி.எஸ், வி.ஏ.எஸ் என்ற மூன்று எண்களைப் போன் செயலியில் போட்டுத் தனியாகக் கணக்குப் பார்த்தான். அதுவும் ஐம்பது லிட்டருக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அந்த மூன்று எண்களுக்கும் ஒரு வம்சாவளி உண்டு. ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961-ல் எழுதிய கட்டுரையில் தொடங்கி, எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் விரித்து எழுதியது; இருவர் பெயராலும் தீல்-ஸ்மால் அளவுகள் என்றே உலகம் முழுக்க வழங்குகிறது. அதற்கு முன்னால் பெட்டியின் அளவு பெரும்பாலும் கைப்பழக்கம்தான். மேஸ்திரி இன்னும் அங்கேயே இருக்கிறார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

பலகை எம்.டி.எஃப். தச்சர் கணக்கில் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம். எட்டுக்கு நாலு பலகை ஒன்று நாற்பது கிலோ வரும். பாதிப் பலகை இந்த ஒரு பெட்டிக்கே போய்விட்டது. பிளைவுட் ஆகாதா என்றேன். ஆகும், எடையும் குறையும், ஆனால் மட்டமான பிளைவுட்டின் அடுக்குகளுக்குள்ளே பொக்கை இருக்கும், அது தனியாகப் பாடும் என்றார். எம்.டி.எஃப். உள்ளே ஒரே சீராக இருப்பது. அதன் எதிரி தண்ணீர். டிக்கியில் மழை ஒழுகினால் ரொட்டி மாதிரி உப்பிவிடும். அதனால்தான் வெட்டிய விளிம்பெல்லாம் பெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு பூச்சு.

ரவுட்டர் மெஷின் ஓடத் தொடங்கியதும் கொட்டகை மறைந்தது. மாவு மாதிரி தூள், புருவத்தில், தேநீர்க் குவளையில், என் நோட்டுப் புத்தகத்தின் மடிப்பில். மருமகன் கைக்குட்டையைத் திருடன் மாதிரி மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொண்டான். மேஸ்திரிக்கு அதுவும் இல்லை. மரத்தூளையும், எம்.டி.எஃப். பசையிலிருக்கும் பார்மால்டிஹைடையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இவ்வளவு நுண்ணிய தூளுக்குக் கைக்குட்டை ஒரு சல்லடைகூட இல்லை. சொன்னேன். "மாஸ்க் வாங்கி வச்சிருக்கு சார்" என்று ஆணியில் தொங்கியதைக் காட்டினார். அதன் மேலும் ஒரு விரல்கடை தூள்.

முன்பலகையை மட்டும் இரட்டையாக ஒட்டினார்கள். ஸ்பீக்கர் அடிக்கிற அடியை முதலில் வாங்குவது அதுதான். மூட்டுகளில் பெவிகால், நாலு அங்குலத்துக்கு ஒரு ஸ்க்ரூ. உள்பக்கம் மூலைக்கு மூலை பசையை விரலால் இழுத்து வழித்தார். ஜன்னல் கண்ணாடிக்குப் புட்டி வைக்கிற அதே விரலசைவு. ராத்திரி முழுக்கக் காயவேண்டும். இதில் அவசரப்படுத்துகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாராம்.

மறுநாள் காலை சண்டை. குழாயைப் பற்றி.

குழாய் என்றால் வேறொன்றுமில்லை, கழிவுநீருக்குப் போடும் நாலு அங்குல பி.வி.சி.தான். பாட்டில் வாயில் ஊதினால் 'பூம்' என்று ஒரு சுரம் வருமே, அதே சங்கதி. பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங், குழாய்க்குள் இருக்கும் காற்று அதன் நுனியில் தொங்கும் எடை. கூம்பின் பின்பக்கம் வீணாகப் போகிற ஒலியை இந்தக் குழாய் திருப்பி முன்பக்கத்தோடு சேர்த்துவிடும். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் இதற்கு 1932-ல் காப்புரிமை பெற்றார். குழாய் நீண்டால் சுரம் இறங்கும், குட்டையானால் ஏறும். இந்தப் பெட்டிக்குப் பதிமூன்றரை அங்குலக் குழாய் வைத்தால் 35 ஹெர்ட்ஸ். நாலு அங்குலம் வெட்டிவிட்டால் 40.

"நாப்பதுல வைங்க மாமா. குத்துப் பாட்டுக்கு அதான் தூக்கும்."

"தூக்கும். அப்புறம் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாக் கேக்கும்."

நேர்க்குழாய்க்குப் பெட்டியில் ஆழம் போதாது. பிளம்பர் பெண்ட் ஒன்றைப் போட்டுத் திருப்பி, வால்துண்டைப் பசையில்லாமல் டேப் சுற்றிச் செருகினார்கள். ஸ்பீக்கர் ஓட்டை வழியாகக் கையை விட்டால் வாலை மாற்றிக்கொள்ளலாம். நீளத்தில் ஒன்று, குட்டையில் ஒன்று, இரண்டும் தயார். தம்பியே கேட்டு முடிவு பண்ணட்டும்.

அதற்குள் இன்னொரு கார் வந்து நின்றது; ஸ்டெப்னிப் பள்ளத்துக்குள்ளேயே பெட்டி வேண்டுமாம். அது பைபர் வேலை. பள்ளத்தில் டேப் ஒட்டி, பைபர் மேட் விரித்து, ரெசின் தடவி, அச்சு எடுப்பது. ரெசினில் முதலில் ஆக்சிலரேட்டரைக் கலந்து தீர்த்த பிறகுதான் ஹார்ட்னர். இரண்டையும் நேருக்கு நேர் சேர்த்தால் வெடித்துவிடும்; அதனால் இரண்டு பாட்டிலும் கொட்டகையின் இரண்டு கோடியில் இருந்தன. வளைந்து நெளிந்த அச்சுக்குள் எத்தனை லிட்டர் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். பொரி. மூட்டைப் பொரியைக் கொட்டி நிரப்பி, திரும்ப வாளியில் அளந்துவிடுவார்களாம். ஆயுத பூஜைக்குப் பிறகு பொரி மலிவாகக் கிடைக்கும் என்பது உபரித் தகவல்.

ஸ்விஃப்ட் பெட்டியில் ஸ்பீக்கரை இறக்கி, 30 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை ஓடவிட்டார்கள். ஒலி என்பதைவிட வயிற்றில் ஒரு அசைவு. அதன் நடுவே எங்கோ 'ஸ்... ஸ்...' என்று பாம்பு. மேஸ்திரி ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, சாமிக்குக் காட்டுவதுபோல மூட்டு மூட்டாகக் கொண்டுபோனார். கீழ் விளிம்பில் புகை நேராக எழுந்தது. சாய்வு முதுகின் மூட்டில் நேராக. ஒயர் மாட்டும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் அருகே வந்ததும் நூல்போல எழுந்த புகை வெடுக் வெடுக்கென்று வெட்டிக்கொண்டது. மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் துளையைப் போட்டவன் அவன். எம்-சீல் ஒரு உருண்டையைப் பிசைந்து உள்ளே அப்பியதும் பாம்பு அடங்கியது.

ஒயரிங் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் இல்லாத வண்டியை மேஸ்திரி வெளியே விடுவதில்லை. 500 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் முழுவீச்சில் 45 ஆம்பியர் இழுக்கும். வழியில் ஒயர் உரசித் தகரத்தைத் தொட்டால் எரிவது கார். ஸ்பீக்கர் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான வாட்ஸை யாரும் படிப்பதுகூட இல்லை. கீழே பொடியாக ஆர்.எம்.எஸ். என்று ஒரு எண் இருக்கும், அதுதான் கணக்கு. பெட்டியும் ஸ்பீக்கருமாக 26 கிலோ. சடன் பிரேக் போட்டால் பறக்கும் என்பதால் டிக்கித் தரையோடு பெல்ட். ஸ்டெப்னி வேண்டும்போது பெல்ட்டை அவிழ்த்து, ஒரு ப்ளக்கைப் பிடுங்கினால் போதும்.

முதலில் நீள வால். மேஸ்திரி போட்டது இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டு ஒன்று. பேஸ் கிட்டார் பாட்டுக்கு அடியில் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போனது. படி இறங்கியது, நின்றது, ஏறியது. அந்தக் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அது வரையில் ஒவ்வொரு படியும் காலில் பட்டது. மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தம்பி மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு குட்டை வால், குத்துப் பாட்டு. கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சம்பழப் பொம்மை ஆடியது. தம்பி முகம் மலர்ந்துவிட்டது. "இதாண்ணே!"

எனக்கு நீள வால்தான் பிடித்தது என்பதை நான் சொல்லவில்லை. மேஸ்திரியும் ஒன்றும் சொல்லாமல் கறுப்புக் கார்ப்பெட்டை ரப்பர் பசையில் ஒட்டி முடித்தார். வண்டி சந்து முனை வேகத்தடையில் ஏறும்போது பாட்டைவிடப் பெரிதாக ஒரு சலசலப்பு. நம்பர் பிளேட். மருமகன் ஸ்பாஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினான். கூடவே மேஸ்திரியும் நடந்து போய் டிக்கியைத் திறக்கச் சொன்னார். பழைய தினத்தந்தியில் சுற்றிய நீள வாலை ஸ்டெப்னிப் பள்ளத்தில், ஜாக்கிக்குப் பக்கத்தில் செருகினார்.

"இது எதுக்குண்ணே?"

"கெடக்கட்டும் தம்பி. ஒரு மாசம் ஓட்டு."