பழைய படகில் இரு தோழிகள்

மத்தியதரைக் கடலில் படகுப் பயணம் என்றதுமே வெள்ளை வெளேரென்ற சொகுசுக் கப்பலும், மேல்தட்டில் சாய்வு நாற்காலியும், கையில் பழரசமும்தான் நம் கண்முன் வரும். நான் போன படகு அப்படிப்பட்டதல்ல, சகோதரிகளே! 1979-ல் கட்டிய, 9 மீட்டர் நீளமுள்ள மோட்டார் படகு. ஒரே ஒரு டீசல் என்ஜின். மணிக்கு 6 கடல் மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர் போகும். சைக்கிளில் போகிற வேகம்தான்!

படகின் சொந்தக்காரி என் கிரேக்கத் தோழி. லண்டனில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்து சிநேகிதம். கோர்ஃபு தீவில் வீடு. கணவர் இருந்தவரை படகை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் பொறுப்பு. சமையலும் கயிறு பிடிப்பதும் இவள் பொறுப்பு. அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. "உனக்கு எதுக்கும்மா இந்த வம்பு? வித்துடு" என்று பிள்ளைகள் நச்சரித்தார்கள். "ஒரு தடவை நானே ஓட்டிப் பார்க்கிறேன். அப்புறம் முடிவு பண்ணலாம். துணைக்கு நீ வாயேன்" என்று எனக்கு போன் செய்தாள். கோர்ஃபுவிலிருந்து பக்ஸோஸ் தீவு, அங்கிருந்து பார்கா. ஜூன் மாதத்தில் ஆறே நாள் பயணம். கிளம்பிவிட்டேன்.

காலையில் கடல், மாலையில் கரை

அயோனியன் கடல் என்பது மத்தியதரைக் கடலின் ஒரு பகுதி. கோடையில் அங்கே காலை நேரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். நண்பகலுக்கு மேல் வடமேற்கிலிருந்து காற்று கிளம்பும். சூரியன் சாய்ந்ததும் தானே அடங்கிவிடும். ஆகவே விடியற்காலையில் புறப்பட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குள் துறை சேர்ந்துவிடுவது என்று திட்டம் வகுத்தோம்.

முதல் இரவு கோர்ஃபுவின் தெற்கே பெட்ரிட்டி என்ற மீனவர் கிராமத்தில் தங்கினோம். மறுநாள் மூன்று மணி நேரத்தில் பக்ஸோஸ் தீவின் லாக்கா வந்துவிட்டது. குதிரை லாடம் போல வளைந்த குடா. அடியில் கிடக்கும் வெள்ளை மணல்கூடத் தெரிகிறது! நங்கூரத்தை அந்த வெளுத்த மணலில்தான் போட வேண்டும். கருமையாகத் தெரியும் இடமெல்லாம் பொசிடோனியா என்ற கடற்புல். மத்தியதரைக் கடலுக்கே உரியது. மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். நங்கூரம் பிய்த்துவிட்டால் மறுபடி வளர வெகுகாலம் பிடிக்குமாம்.

தீவு முழுவதும் ஒலிவ மரங்கள். வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில் ஊக்குவித்து நட வைத்தவை. மரத்தடியில் வலை விரித்து, பழுத்துத் தானாக உதிரும் காய்களைச் சேகரிக்கிறார்கள். ஆறு கிடையாது. மழை நீரைத் தொட்டிகளில் சேர்த்து வைத்து வாழ்ந்த ஜனங்கள். தண்ணீரின் அருமையை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை!

படகில் குடித்தனம்

எங்களிடம் இருந்ததும் 200 லிட்டர் தண்ணீர்தான். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி, கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுவோம். சமையல் முடிந்ததும் கேஸை அடுப்பில் மட்டுமல்ல, சிலிண்டரிலும் மூடியாக வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கி, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். தக்காளி, வெள்ளரி, வெங்காயம், ஒலிவக்காய், மேலே ஒரு துண்டு ஃபெட்டா பாலாடைக்கட்டி, தாராளமாக ஒலிவ எண்ணெய்; தொட்டுக்கொள்ள ரொட்டி. மத்தியானச் சாப்பாடு இதுவே. அடுப்பே வேண்டாம்.

குமட்டல் வந்தால் உள்ளே படுக்காதீர்கள். வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். ஒரு துண்டு இஞ்சியும் உப்பு பிஸ்கட்டும் எனக்குக் கைகொடுத்தன.

நடுக்கடலில் இருபது நிமிஷம்

நான்காம் நாள் பார்காவுக்குப் போகும் வழியில் என்ஜின் சூடு காட்டும் முள் மளமளவென்று ஏறியது. எட்டிப் பார்த்தேன். பின்புறக் குழாயில் எப்போதும் பீச்சியடிக்கும் தண்ணீரைக் காணோம், வெறும் புகை! தோழி உடனே என்ஜினை நிறுத்தினாள். ஒரே நிசப்தம். அவள் முகம் வெளுத்துவிட்டது. "இதெல்லாம் அவர்தான் பார்ப்பார்" என்றாள், மெல்ல.

நான் ஒன்றும் சொல்லவில்லை. வேறு படகு வருகிறதா என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளே எழுந்தாள். பலகையைத் தூக்கி, கடல் நீர் உள்ளே வரும் வால்வை முதலில் மூடினாள். பிறகு வடிகட்டியைத் திறந்தாள். உள்ளே கொத்துக் கொத்தாகக் கடற்புல் இலைகள்! நம் வீட்டுச் சிங்க்கில் கீரைத்தண்டு அடைத்துக் கொள்வதுபோல. கடல் நீரை உறிஞ்சித்தான் என்ஜின் தன்னைக் குளிரவைத்துக் கொள்கிறது. வழி அடைத்தால் சூடேறாமல் என்ன செய்யும்? இலைகளை அள்ளிப் போட்டாள். மூடினாள். வால்வைத் திறந்தாள். சாவியைத் திருப்பும்போது கை நடுங்கியது. குழாயில் தண்ணீர் பீச்சியது பாருங்கள், இரண்டு பேரும் குழந்தைகள் மாதிரி கை தட்டினோம்!

பார்காவில் ஓர் இரவு

1819-ல் ஆங்கிலேயர்கள் பார்காவை அலி பாஷாவிடம் ஒப்படைத்தபோது, அவன் ஆட்சியில் வாழ மறுத்த மக்கள் ஊரையே காலி செய்தார்கள். போகுமுன் மூதாதையரின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்து, சாம்பலைக் கோர்ஃபுவுக்குக் கொண்டு போனார்கள். தோழியின் கணவர் குடும்பம் அந்தக் கூட்டத்தில் வந்ததுதானாம். கோட்டையடியில் உட்கார்ந்து இதைச் சொல்லிவிட்டு, மகனுக்கு போன் போட்டாள். "வடிகட்டி அடைச்சுக்கிச்சு. நானே சரி பண்ணிட்டேன். விக்கிற பேச்சு இந்த வருஷம் வேண்டாம்" என்றாள். குரல் கொஞ்சமும் தழுதழுக்கவில்லை.

நமக்குப் படகு இல்லாவிட்டால் என்ன? வீட்டில் மெயின் ஸ்விட்ச் எங்கே, மோட்டாரை எப்படி நிறுத்துவது, இன்ஷூரன்ஸ் காகிதம் எந்த அலமாரியில் என்று அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் எத்தனை! அவர் பக்கத்தில் சௌக்கியமாக உட்கார்ந்து காபி குடிக்கும்போதே, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.