சீனியின் தண்ணீர்க் கணக்கு

எனது முஸல்லாவில் சீனி சிறுநீர் கழித்த அன்று, அவனைத் தூக்கிக் கொண்டுபோய்க் குளியலறைக்குள் போட்டுப் பூட்டினேன். இதை எழுதவே கை கூசுகிறது. ஆனாலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

தவணைப் பரீட்சைக்கு ஆறு நாட்கள் இருந்தன. தாத்தா பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்து மூன்று கிழமைகள். பிள்ளை பார்க்க வருவோர் காலையிலும் மாலையிலும் வந்துகொண்டே இருந்தார்கள். சீனி வழமையாகத் தூங்கும் அறைதான் தாத்தாவின் அறையாகியிருந்தது. அஸருக்கு முஸல்லாவை விரித்தபோது நடுவில் மூன்று நான்கு சொட்டு ஈரம் தெரிந்தது. "எரிச்சல்லதான் செய்றான், அவன அறைக்குள்ள விடாததால" என்று உம்மாவிடம் சொன்னேன். அரை மணித்தியாலம் கழித்துக் கதவைத் திறந்தபோது, அவன் தண்ணீர் ஓடும் துளைக்குப் பக்கத்தில் குந்தியபடியே இருந்தான். வெளியே ஓடி வரவில்லை. எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

சீனியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் அக்குறணை நகரத்தில் பிங்கா ஓயா பெருகினால் கடைகளுக்குள் தண்ணீர் வருவது புதினமல்ல. ஐந்து வருடங்களுக்கு முன் அப்படியான ஒரு வெள்ளத்தின்போது, வாப்பாவின் கடையில் அடுக்கியிருந்த சீனி மூட்டைகளின் உச்சியில் நனைந்துபோய் இருந்த குட்டிதான் இவன். நிறமும் வெள்ளை. பெயரைத் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. (பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது என்பதைப் பிறகுதான் படித்தேன்.)

மறுநாள் அவன் வீட்டில் மூலைக்கு மூலை குந்தினான். முக்கினான். ஒன்றும் வரவில்லை. "வயிறு கட்டி ஈக்கு, மகள்" என்று உம்மும்மா ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் பருக்கினார். எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. பின்புறத்தை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தான். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அந்த இரவு முழுவதும் அதே கட்டிலின் மேல் இருந்து நான் படித்த பாடம் கழிவகற்றல். சிறுநீரகத்தியின் படத்தை மூன்று நிறங்களில் வரைந்து குறித்தேன்.

காலையில் அவனால் எழும்ப முடியவில்லை. நானா முச்சக்கர வண்டி பிடித்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டை நெரிசலில் நின்ற அந்த நேரத்தை இன்னும் மறக்கவில்லை. கண்டியில் நாங்கள் போன இடத்தில் இருந்த மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். அவனது அடிவயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தவர் சிங்களத்தில் கேட்டார்: "நங்கி, இவன் கடைசியாக எப்போது சிறுநீர் போனான்?"

என்னிடம் பதில் இல்லை. மனிதனின் சிறுநீரகங்களில் நிமிடத்துக்கு 125 மில்லிலீற்றர் வடிகட்டப்படுகிறது என்று நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். என் பூனை கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போதென்று தெரியாது.

என் கையைப் பிடித்து அவனது வயிற்றில் வைத்தார். உள்ளே ஒரு தோடம்பழம் அளவில் கல்லுப்போல இறுகியிருந்தது. அதுதான் சிறுநீர்ப்பை. கடுவன் பூனையின் சிறுநீர்வழி நீளமானது, நுனியில் மிக ஒடுங்கியது. சிறுநீர்ப்பை அழற்சியால் உண்டாகும் சளி போன்ற பொருளும் நுண்ணிய பளிங்குகளும் சேர்ந்து ஒரு தக்கையாகி அந்த ஒடுக்கத்தில் இறுகிவிடுகின்றன. பெட்டைப் பூனைக்கும் அழற்சி வரும், ஆனால் அதன் வழி குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அடைபடுவது அரிது. அடைபட்டால் வெளியேற வேண்டிய நஞ்சு இரத்தத்திலேயே தங்குகிறது. பொற்றாசியம் ஏறுகிறது, இதயத் துடிப்பு குழம்புகிறது. ஒன்று இரண்டு நாட்களில் உயிர் போய்விடும். நாங்கள் எண்ணெய் பருக்கிக்கொண்டிருந்தது அந்த ஒன்று இரண்டு நாட்களில்தான்.

மயக்கி, மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி அடைப்பை நீக்கினார்கள். மூன்று நாட்கள் சேலைனுடன் அங்கேயே வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் பார்க்கப் போனபோது டொக்டர் என்னை நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கச் சொன்னார். மகனீசியம் அமோனியம் பொசுபேற்றுப் பளிங்குகள், ஸ்ட்ருவைட் என்பது அதன் பெயர். சிறிய சந்தூக்கு மூடிகள் மிதப்பது போல இருந்தன. அதற்குமேல் பார்க்க மனம் வரவில்லை.

கிருமி ஒன்றும் இல்லை என்றார். இளம் பூனைகளில் இந்த நோய்க்குக் கிருமி காரணமாவது குறைவாம். பலவற்றில் எந்த ஒரு காரணத்தையும் சுட்டிக்காட்ட முடியாத அழற்சியாகவே இருக்குமாம். எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. கிருமி என்றால் பத்து நாள் மருந்தோடு முடிந்துவிடும். டொக்டர் கேட்டதோ வேறு கேள்விகள். என்ன சாப்பிடுகிறான், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறான், வீட்டில் அண்மையில் என்ன மாறியது? கடைசிக் கேள்விக்கு நானாதான் பதில் சொன்னார். "வீட்டுல புள்ள கெடச்சிருக்கு."

கட்டணத்தைக் கட்டியது பிள்ளையின் தொட்டிலுக்கு எடுத்து வைத்திருந்த காசில். வாப்பா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் பயமாக இருந்தது. பிள்ளை பார்க்க வந்த மாமி, "பச்சப் புள்ள ஈக்கிற ஊட்டுல பூன என்னத்துக்கு?" என்றார். இந்த நோய் திரும்பவும் வரலாம், அடிக்கடி அடைத்தால் பெரிய சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம் என்று டொக்டர் சொன்னதை நானா சொல்லிவிட, இரவுச் சாப்பாட்டில் வாப்பா முடிவைச் சொன்னார். "மாக்கட்டுல விட்டா மீன் திண்டு சீவிக்கும்."

எங்கள் ஊர்களில் வேண்டாத பூனைகள் போகும் இடம் அதுதான், எல்லோருக்கும் தெரியும். நான் அழவில்லை, கணக்குத்தான் சொன்னேன். இந்த நோய் உள்ள கடுவன் மாக்கட்டில் அடைபட்டால் யார் கண்டியில் கொண்டுபோய்க் காட்டுவார்கள்? மூன்று மாதம் தாருங்கள், அதற்குள் திரும்பவும் அடைத்தால் நீங்கள் சொல்வது போலச் செய்யுங்கள் என்றேன். தாத்தா பிள்ளையைத் தோளில் போட்டபடி, "அவள்ட பேச்ச கேளுங்க வாப்பா" என்றாள். அவள் அப்படிச் சொன்னிருக்காவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

முதலில் தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் திரிந்த காட்டுப் பூனை. இரையின் உடம்பிலிருந்தே பெரும்பங்கு நீரைப் பெற்றுக்கொண்ட இனம். அதனால் பூனைக்குத் தாகம் குறைவு, சிறுநீர் செறிவானது. காய்ந்த பிஸ்கட் உணவில் நூற்றுக்குப் பத்து வீதமளவே நீர் உண்டு. ஈர உணவில் முக்கால் பங்குக்கு மேல். சீனி ஐந்து கிலோ. கிலோவுக்கு 50 மில்லிலீற்றர் என்று பார்த்தாலும் உணவில் உள்ளதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 250 மில்லிலீற்றர் உள்ளே போக வேண்டும். பாவிக்காத பால்போத்தல் ஒன்றைத் தாத்தாவிடம் வாங்கி அளந்து ஊற்றி வைத்தேன். பிஸ்கட் மட்டும் தின்ற நாளில் அவன் குடித்தது நூறுக்கும் குறைவு. ஐந்து வருடமாக நாங்கள் அவனைத் தாகத்தோடு வளர்த்திருக்கிறோம்.

டொக்டர் எழுதித் தந்த ஈர உணவு விலை கூடியது. அதைச் சில கிழமைகள் கொடுத்தோம். மகனீசியமும் பொசுபரசும் மட்டாகவும், சிறுநீர் சற்று அமிலமாகவும் இருக்கும்படி தயாரிக்கப்படும் உணவு அது. ஸ்ட்ருவைட் பளிங்கு அப்படியான சிறுநீரில் கரைந்துவிடும். பிறகு அவரிடம் கேட்டுக்கொண்டு, அதே வகை உலர் உணவை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, உப்புப் போடாமல் அவித்த கோழியின் தண்ணீர் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தோம். வெறும் மீனும் சோறும் கொடுத்தால் என்ன என்று உம்மா கேட்டதற்கு, அதில் பூனைக்குத் தேவையான எல்லாம் இல்லை என்றார் டொக்டர். கருவாட்டுத் தலைகள் அன்றோடு நின்றன.

வீட்டு வைத்தியம் சொல்லாதவர்கள் இல்லை. உம்மும்மா பார்லி அவித்தார். மாமி பொல்பலா என்றார். அடுத்த வீட்டு நானா, அமிலம்தானே வேண்டும், தேசிக்காய்த் தண்ணீர் கொடு என்றார். அடைபட்டிருக்கும்போது எதையும் பருக்கக்கூடாது, அடைபடாதபோது அமிலத்தை நாமாகக் கூட்டவும் கூடாது. கூடிப்போனால் கல்சியம் ஒட்சலேற்றுக் கல் உண்டாக இடமுண்டு, அது எந்த உணவுக்கும் கரையாது. பார்லியை நாங்களே குடித்தோம். நல்லாத்தான் இருந்தது.

கிண்ணத்துத் தண்ணீரைவிட வுழூ செய்யும் குழாயடியில் சொட்டும் தண்ணீரையே சீனி விரும்புகிறான் என்பதையும் அந்த நாட்களில்தான் கண்டேன். முன்பு விரட்டுவேன். அபூ கதாதா (ரழி) அவர்கள் தமக்கு வுழூவுக்கு வைத்த தண்ணீரைப் பூனை குடிக்க வந்தபோது பாத்திரத்தைச் சரித்துக் கொடுத்ததையும், பூனை நஜீஸல்ல என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துச் சொன்னதையும் உம்மும்மா நினைவுபடுத்தினார். அதன் சிறுநீர் நஜீஸ்தான், முஸல்லாவை மூன்று தண்ணீரில் அலசினேன், அது வேறு விடயம்.

தண்ணீரைவிடக் கடினமாக இருந்தது அமைதி. அமெரிக்காவின் ஓஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் என்ற மிருக வைத்தியப் பேராசிரியர் இந்த நோயைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். அவரது குழுவினர் கண்டது இது: உணவு நேரமும் பராமரிப்பவரும் மாறி அன்றாட ஒழுங்கு குலைந்தபோது, நோயில்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சாப்பிட மறுத்தன, மணல் தட்டுக்கு வெளியே போயின. அதை வாசித்துவிட்டு எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சீனியின் அறை போய்விட்டது. மணல் தட்டு சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எதிர்வீட்டு மதிலில் ஒரு கறுப்புக் கடுவன் நாள் முழுவதும் இவனை முறைத்துக்கொண்டிருந்தது. போதாததற்கு நானும் பரீட்சைப் பயத்தில் ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருந்தேன்.

எனது அலுமாரியின் மேல்தட்டைக் காலியாக்கிப் பழைய சால்வை ஒன்றை விரித்தேன். அது அவனுக்கு மட்டும், யாரும் தூக்கி இறக்கக்கூடாது. இன்னொரு மணல் தட்டை மாடிப்படிக்குக் கீழே அமைதியான மூலையில் வைத்தோம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லதாம். யன்னலின் கீழ்ப்பாதியில் பழைய பத்திரிகையை ஒட்டினோம், கறுப்பன் மறைந்தான். சாப்பாடு காலை ஆறு, மாலை ஆறு. மஃரிபுக்குப் பிறகு பத்து நிமிடம் நூலில் கட்டிய இறகோடு விளையாட்டு. உண்மையைச் சொன்னால், அந்தப் பத்து நிமிடம் எனக்கும் தேவைப்பட்டது. தாத்தா பிள்ளையின் பழைய போர்வை ஒன்றைத் தந்தாள். அதை அவன் முகர்ந்து, இரண்டு நாள் விலகி நின்று, மூன்றாம் நாள் அதன்மேல் படுத்தான். அதன் பிறகுதான் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அறைக்குள் விட்டோம்.

ஒரு கொப்பியில் மணலில் உள்ள ஈரக் கட்டிகளை நாள்தோறும் எண்ணி எழுதினேன். இரண்டு, மூன்று, மூன்று, நான்கு. என் உயிரியல் குறிப்புகளைவிட அது ஒழுங்காக இருந்தது.

மூன்று மாதம் முடியப் பதினொரு நாள் இருக்கும்போது ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வீடு நிறைய விருந்தினர், சிறுவர்கள் வேறு. அன்றிரவு இரண்டு மணிக்கு மணல் கிளறும் சத்தம் கேட்டது. நின்றது. மீண்டும் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது சீனி அதே பழைய குந்தலில் இருந்தான். நெஞ்சு அடித்துக்கொண்டது. வயிற்றைத் தொட்டேன். மெதுவாக, தோலோடு தோலாக இருந்தது, கல் இல்லை. மணலில் இளஞ்சிவப்பாக ஒரு காசு அளவு ஈரம். போகிறது, வலியோடு போகிறது. வாப்பாவை எழுப்பினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அவரும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "விடியட்டும், நானே வண்டி பேசுறன்" என்றார். விடியும் வரை இருவரும் மாறி மாறித் தட்டைப் பார்த்தோம். டொக்டர் அடைக்கவில்லை என்று உறுதிப்படுத்தி, வலிக்கு மருந்து தந்து, விருந்தினர் போகும் வரை ஒரு அறையைச் சீனிக்கு ஒதுக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் கொப்பியில் மீண்டும் மூன்று.

மாக்கட்டுப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அடுத்த முறை வராது என்று டொக்டர் சொல்லவுமில்லை.

சென்ற கிழமை சுபஹுக்கு எழும்பியபோது குழாயடியில் வெளிச்சம் இருந்தது. வாப்பா வுழூவை முடித்துவிட்டு, குழாயை நூல்போலத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். கீழே சீனி கழுத்தைச் சரித்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான். "ஜமாஅத்துக்கு நேரமாகுது" என்று உம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.

"கொஞ்சம் பொறுங்க, குடிச்சி முடிக்கட்டும்" என்றார் வாப்பா.