காலில் இருந்த கண்

மானாமதுரையில் ரயிலை விட்டு இறங்கி, மண்பாண்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருவுக்குள் நுழைந்தபோது காலை ஏழு மணி. வாசல்தோறும் பச்சைப் பானைகள் வெயிலுக்குக் காத்திருந்தன. சக்கரத்தில் பானை எழும்புவதை வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் மண் படும் பாடு யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த ஒரு வாரத்தைத் தெரிந்துகொள்ளத்தான் போயிருந்தேன்.

மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெடுங்குளம், நத்தபுரக்கி, சுந்தரநடப்பு, செய்களத்தூர் போன்ற ஊர்களின் நீர்நிலைகளில் வைகையின் வளம் சேர்ந்து படிந்த களிமண்தான் இந்தப் பெயருக்கு ஆதாரம். கச்சேரி மேடையில் கணீரென்று பேசும் கனத்த கடமும் இந்த ஊர் மண்ணில் பிறப்பதுதான்.

நான் போன பட்டறையின் பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "வாங்க தம்பி, மண்ணு பாக்கணும்னு வந்த ஆளு நீங்கதேன்" என்று சொல்லி, முதலில் இரண்டு வட்டில்களில் தண்ணீர் ஊற்றினார். ஒன்றில் அரை ஈரமான களிமண் கட்டி. இன்னொன்றில் பல நாள் வெயிலில் காய்ந்து வெளுத்த கட்டி. காய்ந்த கட்டியிலிருந்து முத்து முத்தாகக் காற்றுக் குமிழ்கள் கிளம்பின. ஓரம் விரிந்தது, இடிந்தது. நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் வட்டிலின் அடியில் மெத்தென்று ஒரு சேற்றுக் குவியல். ஈரக்கட்டியோ போட்டது போட்டபடி கிடந்தது. காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் இருப்பது காற்று. தண்ணீர் உள்ளே பாய்ந்து அந்தக் காற்றை வெளியே தள்ளும்போது கட்டி தானாக உடைகிறது. ஈரக்கட்டியின் துளைகளில் ஏற்கெனவே தண்ணீர் இருப்பதால் புதுத் தண்ணீருக்கு அங்கே இடமில்லை. "காயாத மண்ணு கரையாது தம்பி. அவசரப்பட்டா ரெண்டு வேலை" என்றார்.

கரைந்த மண்ணைத் தொட்டியில் கலக்கி, கம்பிச் சல்லடை வழியாக அடுத்த தொட்டிக்கு விடுகிறார்கள். சல்லடையில் தங்கிய வேர், கிளிஞ்சல், கற்களுக்கு நடுவே வெள்ளையாக ஒன்றைப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். சுக்கான் கல். மிளகு அளவுதான் இருந்தது. சூளைச் சூட்டில் இது சுண்ணாம்பாகிவிடும். பானை நன்றாக வெந்து, விற்று, ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதும். ஒருநாள் பானையின் மேனியிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துத் தள்ளும். வாங்கியவர் பானை செய்தவரைத்தான் குறை சொல்வார்.

தெளிந்த நீரை வடித்து, சேறு இறுகும்வரை ஆறப்போட்டு, மணல் சேர்த்து, ஈரச் சாக்கால் மூடிச் சில நாள் வைக்கிறார்கள். மண் புளிக்கப் புளிக்க இழுவை கூடும். மணலின் அளவு செய்யப்போகும் பொருளைப் பொறுத்தது. அடுப்பில் ஏறும் சட்டிக்கு மணல் கூடுதல். சூடு ஏறி இறங்கும்போது விரிசல் விடாமல் அதுதான் காக்கும். அகல் விளக்குக்குக் குறைவாகப் போதும். எழுதி வைத்த கணக்கு எதுவும் இல்லை. பெரியவர் ஒரு சிட்டிகை மண்ணை விரலுக்கிடையே உருட்டிக் கயிறு போலத் திரித்து வளைத்துப் பார்த்தார். வளைவில் வெடிப்பு விழுந்தது. "இன்னும் ஒரு நா கெடக்கட்டும்" என்று மூடிவிட்டார்.

அடுத்தது மிதி. மண் பிசையும் மிஷின் வருவதற்கு முன்பு அந்த வேலை பெரியவரின் மனைவியுடையது. அந்த அம்மா முப்பது வருடம் மிதித்திருக்கிறார். பொங்கல் பானைக்கு மார்கழியில்தான் வேலை உச்சம். விடியற்காலையில் பனிபோல் குளிர்ந்த மண்ணில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். "ராத்திரி படுத்தா முழங்காலு விண்ணு விண்ணுனு தெறிக்கும்பா" என்றார். எப்படி மிதிப்பது என்று கேட்டேன். தரையில் மணல் தூவி, மண்ணை வட்டமாகப் பரப்பி, "குதிகாலை வச்சு நடுவுல இருந்து சுத்திக்கிட்டே வெளிய வாங்க" என்றார். மூன்றாவது சுற்றில் என் பாதத்தில் ஏதோ குத்தியது. குனிந்து தோண்டினால் கடுகைவிடச் சற்றே பெரிய கல். "பாத்தீங்களா, கால்லதேன் கண்ணு இருக்கு." நான் அங்கிருந்து எடுத்துவந்த பாடம் இந்த ஒரு வாக்கியம்தான். மிதிப்பதை வெறும் உடல் உழைப்பு என்று நினைத்திருந்தேன். மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதிக்கும் வேலையும் அதற்குள் சேர்ந்தே நடந்திருக்கிறது.

பட்டறையின் மூலையில் நிற்கிறது பக் மில். தெருவில் அதற்குப் பெயர் மண் மிஷின். மேலே மண் போடும் வாய், படுக்கைவாட்டில் ஓர் இரும்பு உருளை, அதற்குள் சாய்வாகக் கத்திகள் பொருத்திய தண்டு, முன்புறம் குறுகிப் போகும் குழாய் வாய். மோட்டார் தண்டைச் சுழற்றும். கத்திகள் மண்ணை வெட்டிப் பிசைந்து முன்னே தள்ளும். குழாய் வழியாக மண் வழவழவென்று உலக்கை போல வெளியே வரும். ஒரு பகல் முழுக்க மிதித்தால் ஆகும் மண் காப்பி நேரத்துக்குள் ஆகிவிடுகிறது. காய்ந்து உடைந்த பச்சைப் பானைகளையும் சக்கரத்தில் வழித்த சேற்றையும் ஊறவைத்து மறுபடி இதிலேயே போடுகிறார்கள். சூளைக்குப் போகாதவரை மண் வீணாவதில்லை.

ஆனால் மிஷினுக்குக் கல் தெரியாது. சல்லடையில் தப்பிய சுக்கான் கல்லை அது எடுத்துத் தராது. மண்ணோடு மண்ணாகத் தள்ளிவிடும். இன்னொரு குறையைப் பெரியவரின் மகன் காட்டினார். வெளியே வந்த உருளையைக் கம்பியால் குறுக்கே அறுத்தார். வெட்டிய முகத்தில் மெல்லிய சுருள் கோடுகள், நடுவே ஊசி முனை அளவில் காற்றுத் துளைகள். கத்திகள் சுழன்ற தடம் மண்ணுக்குள் அப்படியே தங்கியிருக்கிறது. இதே மண்ணை நேராகச் சக்கரத்தில் வைத்தால், காயும்போது அந்தச் சுருளின் வழியாகவே விரிசல் ஓடலாம். காற்றை உறிஞ்சி எடுக்கும் வகை மிஷினும் உண்டு. அதற்கு விலை அதிகம். ஆகவே அவர் ஒவ்வொரு துண்டையும் பலகையில் போட்டு, உள்ளங்கையால் அமுக்கி, உருட்டி, திருப்பி, மறுபடி அமுக்கினார். பிறகு அறுத்துக் காட்டினார். கோடும் இல்லை, துளையும் இல்லை. கடத்துக்கான மண் என்றால் இந்தக் கைவேலை இன்னும் கூடும். சுவரில் ஓரிடம் நெகிழ்ந்தாலும் நாதம் கெட்டுவிடும்.

மிஷினைப் பேணுவதும் ஒரு வேலை. வேலை முடிந்ததும் வாயை ஈரத்துணியால் மூடி பிளாஸ்டிக் சுற்றுகிறார்கள். உள்ளே மண் காய்ந்தால் மறுநாள் தண்டு சுழலாது. மண்ணை உள்ளே தள்ள மரக்கட்டை மட்டும்தான். சுவிட்சை அணைக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். கத்திக்கு மண்ணும் விரலும் ஒன்றுதான்.

கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018இல் தொடங்கிய குயவர் மேம்பாட்டுத் திட்டத்தில் மின்சக்கரம், மண் கலக்கும் இயந்திரம், பக் மில் ஆகியவை தரப்படுகின்றன. கண்மாயில் களிமண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று தமிழ்நாடு அரசு 2024இல் விதியை எளிதாக்கியது. இரண்டும் நல்ல காரியங்கள். மிஷின் வந்தால் கைத்தொழில் கெட்டுவிடும் என்று பட்டணத்தில் இருந்துகொண்டு வருந்துகிறவர்கள், அந்த அம்மா எழுந்து நிற்கத் தூணைப் பிடிப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் முழங்கால் தேய்ந்துதான் தொழில் வாழவேண்டும் என்றால் அது தர்மம் ஆகாது.

இயந்திரம் கொடுக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. மிஷினை மட்டும் இறக்கிவிட்டுப் போகாதீர்கள். இரண்டு கரைசல் தொட்டி, நல்ல கம்பிச் சல்லடை, மண் காயப்போட ஒரு களம், மழைக்கு ஒரு கூரை இவற்றையும் சேர்த்துத் தாருங்கள். வீட்டுக்கு ஒன்று முடியாவிட்டால் தெருவுக்கு ஒன்று போதும். காலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம்; காலில் இருந்த கண்ணை இனிச் சல்லடையில்தான் வைக்க வேண்டும்.