முதிரும் மதுவும் முதிராத் தேயிலையும்

நாவினால் பிழைக்கிறவர் என்று சொன்னால் மற்ற ஊர்களில் வக்கீலையோ, கதாப்பிரசங்கியையோ, தேர்தல் காலத்து மேடைப் பேச்சாளரையோ நினைத்துக்கொள்வார்கள். எங்கள் மலைநாட்டில், அதிலும் அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில், அப்படிச் சொன்னால் தேயிலை ருசி பார்க்கிறவரைத்தான் நினைப்போம். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல், வரிசையாக வைத்த கோப்பைகளை ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிவிட்டு, இது இன்ன தோட்டத்துச் சரக்கு, இதற்கு இன்ன குறை, இன்ன விலை போகும் என்று தீர்ப்புச் சொல்லுகிற அந்த நாவுக்குக் கொழும்பு ஏல வியாபாரத்தில் நீதிஸ்தலத்துக்குரிய மரியாதை உண்டு. அத்தகைய நாவு படைத்த நண்பர் ஒருவர், கொழும்புத் தரகுக் கம்பெனியொன்றில் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டுவிட்டு, இப்போது டிக்கோயாவில் ஓய்வாக இருக்கிறார். பாரிஸ் நகரத்து லா சப்பல் வீதியில், நம்மவர் கடைகளுக்கு மத்தியில் தாமும் ஒரு கடை வைத்திருக்கும் அவருடைய அக்காள் மகன், விடுமுறைக்கு வந்தபோது மாமனுக்கென்று கொண்டுவந்த ஒரு போத்தலினால்தான் இந்தக் கட்டுரை எழுதும் பிரமேயம் எனக்கு நேர்ந்தது.

அது பிரான்சு தேசத்தின் போர்தோப் பிரதேசத்தில், போயாக் என்னும் சிற்றூரில், 2005ஆம் ஆண்டு அறுவடையான திராட்சையைக் கொண்டு வடித்த செந்நிற வைன். அந்த வருஷம் அப்பிரதேசத்தில் வெயிலும் வறட்சியும் அளவாக அமைந்து, நெடுங்காலம் நின்று முதிரத்தக்க மது விளைந்த வருஷங்களுள் ஒன்று என்று பிரசித்தி பெற்றது. நண்பர் அதை உடனே திறந்துவிடவில்லை. அடியில் படிந்த மண்டி கலங்காதிருக்க இரண்டு நாள் நிமிர்த்தி வைத்திருந்து, தை மாதக் குளிரில் ஒரு மாலை எனக்கு ஆள் அனுப்பினார். நான் போனபோது தக்கையை நோகாமல் எடுத்து, மேசையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன் சுடருக்கு நேரே போத்தலின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, வெளிறிய கண்ணாடிக் குடுவையொன்றில் மிக மெதுவாக வார்த்துக்கொண்டிருந்தார்; கருமையான மண்டி கழுத்தை எட்டிய அக்கணமே கையை நிறுத்தினார். மீதமிருந்த இரண்டு விரற்கடை வைனை நான் இரக்கத்தோடு பார்த்தேன்; அவர் பார்க்கவே இல்லை.

தமிழனுக்கு அந்நிய தேசத்து மது ஒன்றும் புதிதன்று. யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்த தேறலைப் பருகி இன்புறுக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தியிருப்பதைப் புறநானூற்றில் காணலாம். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது அத்தகைய மது வந்த சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. முதிரவைத்துப் பருகும் வித்தையும் குறிஞ்சி நிலத்தார் அறிந்ததே, மூங்கிற் குழாயில் அடைத்து விளையவைத்த தேறலைச் சங்கப் புலவர்கள் பேசுகிறார்கள். ஆகவே மலைமேல் இருந்துகொண்டு பழைய மதுவைச் சுவைப்பதற்கு நாங்கள் எவரிடமும் உத்தரவு பெறவேண்டியதில்லை என்பது என் கட்சி. என் வீட்டார் கட்சி வேறு.

நண்பர் வைனையும் தேயிலைக்காரர் முறைப்படியே சோதித்தார். முதலில் வெள்ளைத் துணியின்மேல் கண்ணாடியைச் சாய்த்து நிறம் பார்த்தார்: நடுவில் அடர்ந்த சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறத்தின் சாயை. பிறகு மூக்கு. பிறகு, விருந்து மண்டபத்தில் செய்தால் முகம் சுளிப்பார்களே, அந்தப் பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு காற்றும் திரவமுமாக வாய்க்குள் இழுத்து, அதை நாவின் மேலும் கீழும் ஈறுகளிலும் உருட்டினார். துப்பவில்லை, இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் தொழில் தர்மத்தை மீறினார். எனக்கோ முதற் குவளையில் பழவாசனை தெரியவில்லை. புதிதாகச் சீவிய பென்சிலின் மரவாசனையும், மழைக்குப் பிந்திய காட்டுச் சருகின் வாசனையும்தான் தோன்றின. குடுவையில் அரைமணி நேரம் மூச்சுவிட்ட பின்னர் உள்ளிருந்து கறுத்த பழத்தின் இனிமை, நன்றாகக் கனிந்த நாவற்பழத்தை நினைவூட்டுமாறு, மெல்ல எழுந்தது. அதனோடு வந்த துவர்ப்பு ஈறுகளைப் பற்றியது. பற்றியதே தவிர உறுத்தவில்லை. விழுங்கிய பிறகும் நெடுநேரம் வாயில் நின்றது.

"இது இன்னும் பத்து வருசம் தாங்கும் மாஸ்டர்," என்றார் அவர், என் பழைய வாத்தியார் உத்தியோகத்துக்கு மரியாதை செய்கிற பாவனையில். "நம்ம சரக்கு பத்து மாசம் தாங்காது."

துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணிய நம் முன்னோருக்கு இந்த இரண்டு பானங்களின் உறவு எளிதில் விளங்கியிருக்கும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள கேட்டகின் குடும்பத்துப் பொருள்கள் தேயிலைக் கொழுந்திலும் நிறைந்திருக்கின்றன. இரண்டிலும் நாவைப் பற்றுவது அவைதாம். போத்தலின் இருட்டில் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, சாயப்பொருளையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு, பாரம் மிகுந்து அடியிலே மண்டியாகப் படிய, மேலே நிற்கும் வைன் பதினைந்து இருபது வருஷங்களில் சாந்தமடைகிறது. தேயிலையிலோ இந்த முதிர்ச்சிக்கு ஓர் இரவு போதும். பகலில் எடுத்த கொழுந்து வாட்டு மாடியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்று வாங்கித் தளர்ந்து, விடியற்காலையில் ரோலரில் அரைபட்டு வெளிவந்தவுடன், இலையின் சொந்த நொதியே காற்றோடு கூடி அந்தக் கேட்டகின்களைப் பொன்னிறமும் செந்நிறமுமான வேறு பொருள்களாக மாற்றத் தொடங்குகிறது. பச்சை வாடை போய், செம்பு நிறமும் பழ மணமும் ஏறுகின்றன. அப்பொழுது தொழிற்சாலையின் டீமேக்கர் ஒரு பிடி இலையை அள்ளி முகத்தருகே கொண்டுபோய் மூச்சை உள்ளே இழுத்து, போதும், அடுப்புக்கு அனுப்பு என்று சொல்கிறாரே, அந்தக் கணத்தில்தான் அந்தச் சரக்கின் தலையெழுத்து முடிவாகிறது. சிறிது முந்தினால் பச்சைக் கசப்பு. சிறிது பிந்தினால் சப்பென்று உயிரற்ற சாயம். சூட்டில் ஈரம் வற்றிய பிறகு திருத்துவதற்கு ஒன்றுமில்லை, அன்று தொடங்கி அது தேயும் பொருளே. காலம் வைனுக்குத் துணை, தேயிலைக்குச் சத்துரு.

பிறப்பிலும் இவை இரண்டும் ஒருவிதத்தில் பங்காளிகள். சற்றே வருந்தி வளர்ந்த செடிதான் இரண்டிடத்திலும் உயர்ந்த சுவை தருகிறது. போயாக்கின் கூழாங்கல் நிலத்தில் திராட்சை வேர் தண்ணீருக்காக ஆழ இறங்கவேண்டியிருக்கிறது. எங்கள் மலைநாட்டு டிம்புள்ளப் பகுதியிலோ தை, மாசி, பங்குனி மாதங்களில் இரவு கடுங்குளிரும் பகல் வறண்ட காற்றுமாக இருந்து கொழுந்து வளர்ச்சி மட்டுப்படும்போது, கூடையில் நிறை குறைகிறது, கோப்பையில் மணம் ஏறுகிறது. அந்த மணத்துக்குக் காரணமான லினலூல், ஜெரனியால் என்னும் பொருள்களே மஸ்கட் திராட்சையின் வாசனைக்கும் காரணம் என்கிறார்கள் சாஸ்திரம் படித்தவர்கள். துயரத்திலும் பங்காளிகளே. 1860களில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைப் பிலோக்சரா என்னும் வேர்ப்பூச்சி அழிக்கத் தொடங்கியது. 1869இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. பிரெஞ்சுக்காரர் அமெரிக்க வேரில் தம் பழைய கொடியை ஒட்டவைத்துக் குலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இங்கே கோப்பிக் குலமே அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் தோட்டத்துரை லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பரீட்சித்துப் பார்த்த தேயிலை மலைகளையெல்லாம் மூடிக்கொண்டது. அந்த மலைகளின் காட்டை வெட்டி, அந்தச் செடியை நட்டவர்கள் எம் முன்னோர்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன். போயாக் வைன் ஒரே திராட்சையினால் ஆனதன்று, கலவை. தடித்த தோலும் மிகுந்த துவர்ப்பும் உள்ள கபர்னே சோவின்யோன் அதற்கு எலும்பு. முந்திப் பழுக்கும் மெர்லோ அதற்குச் சதை. சில வீட்டார் நறுமணத்துக்காகக் கபர்னே பிராங்கைச் சிறிது சேர்ப்பர். இவை தனித்தனியே புளித்த பிறகு, வீட்டு எஜமானும் வடிப்பவரும் கூடி அமர்ந்து, ருசித்து, விகிதம் தீர்மானித்து, ஓக் பீப்பாய்களில் ஒன்றரை வருஷம் போல் வைத்திருந்து அடைப்பார்கள். இத்தனை கலந்தும், போத்தலின்மேல் அந்தத் தோட்டத்தின் பெயரும் அறுவடை வருஷமும் அழியாமல் நிற்கின்றன. 1855இல், பாரிஸ் பொருட்காட்சிக்காக, போயாக் அடங்கிய மெதோக் பகுதித் தோட்டங்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து வெளியிட்ட ஜாபிதா இன்றைக்கும் செல்லுபடியாகிறது. 1973இல் மூத்தோன் ரொத்ஷீல்ட் என்னும் தோட்டம் மாத்திரம் முதல் வகுப்புக்கு ஏறியதைத் தவிர அதில் குறிப்பிடத்தக்க மாற்றம் கிடையாது.

எங்கள் தேயிலைக்கு நேர்ந்ததோ நேர்விரோதம். 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு சரக்கும் அதனதன் தோட்டத்து முத்திரைப் பெயரோடுதான் வருகிறது. வாங்குகிறவனுக்குப் பெயர் தெரியும், ருசி பார்ப்பவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். அதன்பின் அது கப்பலேறி, வேறு நாட்டுக் கிடங்கொன்றில், வேறு தேசத்துத் தேயிலைகளோடு, விலையும் நிறமும் வருஷம் முழுதும் ஒரேபடியாக இருக்கவேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு கலக்கப்படுகிறது. மாசி மாதத்துப் பனிக்காற்றைத் தாங்கி வந்த மணம், மற்றக் குறைச் சரக்குகளைத் தூக்கிவிடும் கூலிக்காரனாகி, பெட்டியின்மேல் வியாபாரியின் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. கலவையைக் குற்றம் சொல்லவில்லை. மண்ணின் குணத்தை வெளிப்படுத்தக் கலப்பது கலை, மண்ணை மறைக்கக் கலப்பது வெறும் கணக்கு.

அந்த மணத்தை விளைவித்தவர்களின் வீட்டில் அது இருந்ததா? என் தாயார் லயத்து அடுப்பில் காய்ச்சியது தூள்வகைத் தேயிலை. கறுத்த சாயத்தண்ணீரை ஒரு துண்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். தாம் பல்லாண்டு எடுத்த கொழுந்தின் நல்ல ருசியை அவர் அறியாமலே காலமானார். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவை எட்டியதே 2021இல்தான். போயாக்கில் பழம் பறிக்கிற கூலியாளும் அந்த உயர்ந்த போத்தலை வாங்கமாட்டார் என்று நண்பர் எடுத்துக்காட்டினார். அது உண்மையே, ஆனாலும் ஊரின் பெயராவது உலகத்துக்குத் தெரிகிறது.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை தேயிலை வாங்கும்போது எந்தத் தோட்டம், எந்த மாதம் என்று கடைக்காரரைக் கேளுங்கள். டிம்புள்ளவோ நுவரெலியாவோ, வருஷத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் எடுத்த கொழுந்தாக இருந்தால், பாலைச் சேர்க்காமல், புதிதாகக் கொதித்த நீரில் நாலைந்து நிமிஷம் ஊறவைத்து, அந்த வருஷம் முடிவதற்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள். வைன் போத்தலைப் போல அதை அலமாரியில் பாதுகாத்து வைக்க வேண்டாம்.